முழு அளவு என்றொரு பிழை

தசராவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே மைசூர் அரண்மனைப் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். விஜயதசமியன்று தங்க அம்பாரியில் வரும் சாமுண்டீஸ்வரிக்கு முதலமைச்சர் மலர் தூவும்போது தேசிய கீதம் ஒலிக்கும். கூடவே 21 குண்டு முழங்க வேண்டும். குண்டு என்பது பேச்சுக்குத்தான். குழலுக்குள் இருப்பது வெறும் மருந்து. அந்த ஒரு நிமிஷத்துக்காக நகர ஆயுதப்படைப் போலீசார் ஒத்திகை பார்க்கிறார்கள். யானைகளையும் குதிரைகளையும் அருகில் நிறுத்திச் சத்தத்துக்குப் பழக்குகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் திடுக்கிடுவார்கள். மைசூர்க்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஒத்திகையைப் பார்க்கப் போனால் எல்லோரும் நெருப்பைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது நீண்ட கோல் வைத்திருக்கும் ஆளை. ஒவ்வொரு முறை வெடித்ததும் ஈரத்துணி சுற்றிய அந்தக் கோலைக் குழலுக்குள் விட்டுத் துழாவி எடுக்கிறார். உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தாலும், அடுத்த மருந்துப் பையைத் திணிக்கும்போது அது திணிப்பவர் முகத்திலேயே வெடிக்கும். தேசிய கீதம் முழுதாகப் பாட 52 விநாடி. அதற்குள் சூடான குழலைத் துடைத்து, மருந்து திணித்து, நெருப்பு வைத்து, மறுபடி துடைத்து... இந்த அவசரத்தில் ஒரு துடைப்பைத் தவறவிடாமலிருப்பதுதான் அந்த ஒத்திகையின் பாதி.

இதையெல்லாம் நான் கவனிக்கத் தொடங்கியதே ஒரு மொழிபெயர்ப்பு வேலையால்தான். சென்னைப் பதிப்பாளர் ஒருவர் துப்பாக்கிகளைப் பற்றிய அமெரிக்கக் கையேடு ஒன்றை அனுப்பியிருந்தார். தடயவியல் படிக்கிறவர்களுக்கும் காவல் துறையினருக்கும் தமிழில் வேண்டுமாம். நான் தமிழ் எம்.ஏ. துப்பாக்கியைத் தொட்டவனில்லை. ஆனால் மூன்று தெரு தள்ளி, ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு சுபேதார் சார் என்றுதான் பெயர். கைப்பிரதியை அத்தியாயம் அத்தியாயமாக அவரிடம் கொண்டுபோவேன். அவர் சிவப்புப் பேனாவுடன் உட்காருவார்.

எட்டாவது அத்தியாயம் தோட்டாவைக் கையால் நிரப்புவது பற்றி. அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அடியில் புதிய கேப்பு பொருத்தி, மருந்து போட்டு, மேலே குண்டு வைத்து அழுத்தி மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். செலவு குறைவு, தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம் என்பது கூடுதல் கவர்ச்சி. நம் நாட்டில் இந்த ஆசை வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம்.

சுபேதார் சார் மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டார். "தம்பி, இது என்ன, 'முழு அளவு'?"

மூலத்தில் இருந்த 'மேக்ஸிமம் லோட்' என்பதை நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அட்டவணையில் இரண்டு பத்திகள். ஒன்றுக்குத் 'தொடக்க அளவு', மற்றதற்கு 'முழு அளவு' என்று தலைப்பு கொடுத்திருந்தேன். வாசிக்கவும் நன்றாகத்தான் இருந்தது.

"முழு அளவுன்னா படிக்கிறவன் என்ன நினைப்பான்? இதுதான் சரியான அளவு, மத்தது அரைகுறைன்னு நினைப்பான். டாக்டர் முழு டோஸ் எழுதிக் கொடுத்த மாதிரி. அந்த நம்பர் போட வேண்டிய அளவு இல்ல தம்பி. அதுக்கு மேல போனா துப்பாக்கி கையில இருக்காதுன்னு அர்த்தம்."

டாக்டர் உவமை அவர் வாயில் தற்செயலாக வரவில்லை. தமிழில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, துப்பாக்கியில் கெட்டிப்பதும் மருந்து. கன்னடத்தில் 'மத்து' என்ற சொல்லுக்கும் இதே இரட்டை வாழ்க்கை. மலையாளத்திலும் அப்படியே. ஆங்கிலத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவர்களுக்கு அது வெறும் பவுடர். நம் மொழிகளில் மட்டும் 'இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும்' என்ற நினைப்பு சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அத்தியாயம் மேக்னம் ரிவால்வர்களைப் பற்றியது என்பதால் சந்தேகம் இன்னும் கூடியது. மேக்னம் என்பது லத்தீனில் 'பெரியது'. ஒயின் வியாபாரிகள் இரட்டைப் பாட்டிலுக்கு வைத்த பெயர் தோட்டாவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. 1935-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி பாயிண்ட் 357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தபோது ஒரு சிறிய முன்யோசனை செய்தார்கள். பழைய பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவும் இதுவும் குறுக்களவில் ஒன்றே. புதிய தோட்டாவில் மருந்தின் வேகம் அதிகம். இதை யாராவது பழைய ரிவால்வரில் போட்டுச் சுட்டால்? ஆகவே கூட்டை மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீட்டினார்கள். பழைய ரிவால்வரின் அறைக்குள் அது முழுதாக நுழையாது. இன்றைய அமெரிக்க வரையறையில் பாயிண்ட் 38 ஸ்பெஷலுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. பாயிண்ட் 357-க்கு 35,000. இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல். அந்த வித்தியாசத்துக்கும் ஒருவன் விரல்களுக்கும் நடுவே இருப்பது பித்தளையில் ஒரு மூன்று மில்லிமீட்டர்.

தொழிற்சாலையில் போட்ட அந்தப் பூட்டு, வீட்டில் மருந்து நிரப்புகிறவனுக்கு உதவாது. அங்கே கையேடு ஒன்றுதான் பாதுகாப்பு. அது சொல்வது எளிமையானதுதான். இந்தக் குண்டு, இந்தக் கூடு, இந்தக் கேப்பு, இந்த மருந்து என்று ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தை அளந்து போட்ட எண் அது. நான்கில் ஒன்றை மாற்றினாலும் எண் செல்லாது. குண்டின் எடை கூடினால் அழுத்தம் கூடும். குண்டைக் கூட்டுக்குள் கொஞ்சம் ஆழமாக அழுத்தினாலும் கூடும், ஏனென்றால் மருந்து எரிய இடம் குறைகிறது. சூடான கேப்பு போட்டால் அதுவும் கூட்டும். அதனால் உச்ச எண்ணிலிருந்து பத்து சதவீதம்போலக் கீழே தொடங்கு, சிறிது சிறிதாக ஏறு, ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் நிறுத்து என்கிறது கையேடு. சுட்ட கூடு அறையிலிருந்து எளிதாக உருவ வராமல் ஒட்டிக்கொண்டால் அது எச்சரிக்கை. அப்படி எச்சரிக்கை எதுவும் வராததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ரிவால்வரில் அடையாளம் தெரிகிறபோது எல்லை ஏற்கெனவே தாண்டியிருக்கலாம்.

எனக்கு வியப்பாக இருந்தது இன்னொரு விஷயம். ஆபத்து பெரும்பாலும் பேராசையில் வருவதில்லை, கவனக் குறைவில் வருகிறது. வேகமாக எரியும் சில மருந்துகள் மேக்னம் கூட்டின் அடியில் கொஞ்சமாகத்தான் நிற்கும். டெலிபோன் மணி அடித்து எழுந்து போய்வந்து, போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை போட்டாலும் கூட்டுக்குள் இடம் இருக்கும். வெளியே வழியாது, கண்ணுக்கும் தெரியாது. மெதுவாக எரியும் மருந்தென்றால் கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும். இரண்டாம் தடவை போட்டால் மேஜையில் கொட்டிக் காட்டிக்கொடுக்கும். ஆக, சோம்பேறி மருந்து ஒரு வகையில் நல்லது. ஆனால் அதிலும் சில ஜாதிகளை அச்சிட்ட அளவுக்குக் கீழே குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். குறைத்தால் எப்போதும் பத்திரம் என்ற நம் வீட்டு நியாயம்கூட அங்கே செல்லாது.

சுபேதார் சாரின் சிவப்புப் பேனா அடுத்து ஒரு எழுத்தில் போய் நின்றது. அட்டவணை முழுக்க எண்களுக்குப் பக்கத்தில் 'கி.' என்று சுருக்கியிருந்தேன்.

"கி.ன்னா கிலோவா, கிராமா, கிரெய்னா?"

கிரெய்ன்தான். தானிய மணி எடையில் பிறந்த பழைய அளவு. 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் தட்டான்கள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமில் பதினைந்தரை கிரெய்ன்கூட முழுதாக அடங்காது. என் சுருக்கெழுத்தை ஒருவர் கிராம் என்று படித்தால் பதினைந்து மடங்கு! நல்லவேளை, அத்தனை மருந்து அந்தக் கூட்டில் கொள்ளாது. ஆனால் ஏழரை என்பதில் ஒரு புள்ளியை அச்சுக்கோப்பவர் கொஞ்சம் இடம் மாற்றிப் போட்டால்? கவிதையில் ஒற்றுப் பிழை வந்தால் கடிதம் வரும். இங்கே வருவது ஆம்புலன்ஸ். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது.

என் பெரியப்பா தர்மபுரிப் பக்கம் பென்னாகரம் தாண்டிக் காட்டோரத்தில் விவசாயம் பார்த்தவர். காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. கருமருந்தை ஒரு மூங்கில் குழாயால் அளப்பார். அதன் விளிம்பு வரை ஒரு அளவு. அதற்கு மேல் தேங்காய் நார், பால்ரஸ், மறுபடி நார். இருபது வருஷம் ஒரே மூங்கில் குழாய். எழுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம் மருந்து தீர்ந்துபோயிற்று. யாரோ ஒரு தெரிந்தவர் பழைய ரைபிள் தோட்டாக்களைப் பிரித்து எடுத்த மருந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். 'மிலிட்டரி மருந்து, சுத்தமா எரியும்' என்றாராம். பெரியப்பா அதே மூங்கில் குழாயால், அதே விளிம்பு வரை அளந்தார். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. குழல் அடிப்பக்கத்தில் வாழைப்பூ மாதிரி விரிந்து கிடந்ததை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். 'இரும்பு பழசு' என்பதுதான் ஊரின் தீர்ப்பு. பெரியப்பாவும் சாகும்வரை அதையே சொன்னார். தான் எப்போதும் போட்ட அளவைத்தானே போட்டேன் என்பார்.

அளவு அதேதான், மருந்துதான் வேறு. கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்று இடித்துக் கலந்தது. எரிந்தபின் பாதிக்கு மேல் புகையும் கரியுமாகவே மிஞ்சும். பாதிதான் வாயுவாகித் தள்ளும். 1884-இல் பிரான்சில் பால் வியேய் என்ற வேதியியலார் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். நைட்ரோசெல்லுலோஸில் செய்தது. ஏறக்குறைய எல்லாமே வாயுவாகிவிடும். அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏறினால் அழுத்தம் இன்னும் ஏறும். கருமருந்துக்கு இந்த வெறி மிகக் குறைவு. ஆகவே கருமருந்துத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தைக் கன அளவுக்குக் கன அளவு போடுவது, மாட்டுவண்டிக்கு லாரி என்ஜின் வைப்பது மாதிரி.

மைசூரிலிருந்து குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாக ஊட்டி போய்க் குன்னூருக்கு இறங்குகிறவர்கள் நடுவில் அருவங்காட்டைக் கடந்திருப்பார்கள். மலை ரயிலுக்கு அங்கே ஒரு ஸ்டேஷனும் உண்டு. 1903-இல் ஏற்பட்ட அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை செய்வது இந்தப் புகையில்லா ஜாதி மருந்தைத்தான். கயிறு மாதிரி இழைகளாகப் பிழிந்தெடுத்ததால் ஆங்கிலேயர் கார்டைட் என்று பெயர் வைத்தார்கள். 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இடியாப்பம் பிழிவது போல என்று நான் கையேட்டில் ஒரு அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். சுபேதார் சார் அடித்துவிட்டார்.

'இரும்பு பழசு' என்ற ஊர்த் தீர்ப்பை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மருந்தின் அளவை முடிவு செய்வது கடைசியில் அதைச் சுற்றியுள்ள சுவர்தான். இதை மைசூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணமே சாட்சி.

ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் பயன்படுத்திய ராக்கெட்டை அன்று 'பாண்' என்றார்கள். பாணம்தான், நம் ஊர்த் திருவிழா வாணமும் அதுவே. வாணம் இந்தியாவுக்கோ சீனாவுக்கோ ஐரோப்பாவுக்கோ புதிதில்லை. காகிதத்திலோ மூங்கிலிலோ செய்த குழாயில் மருந்தை அடைத்தால் ஓரளவுக்கு மேல் கெட்டிக்க முடியாது, குழாய் கிழிந்துவிடும். மைசூரில் அடித்துச் செய்த இரும்புக் குழாயில் அடைத்தார்கள். ஒன்றில் ஒரு பவுண்டு அளவுக்கு மருந்து, பக்கத்தில் கட்ட ஒரு நீள மூங்கில். சுவர் பலமானதால் உள்ளழுத்தம் கூடலாம். அழுத்தம் கூடினால் தூரம் கூடும். ஆயிரம் கஜம் வரை போயிற்று. மருந்தைக் கூட்டவேண்டுமென்று நினைத்தவர்கள் முதலில் குழாயை மாற்றினார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்ததுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம். (கெட்டிக்காரன் என்ற சொல்லுக்கும் மருந்து கெட்டிப்பதற்கும் ஒரே வேர்தானே என்று என்னைக் கேட்டால், எம்.ஏ. வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள்.)

ஷிமோகா மாவட்டம் நகரா கோட்டை அருகே பாழுங்கிணறு ஒன்றைத் தூர் வாரியபோது 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன. இங்கிலாந்தில் வில்லியம் காங்ரீவ் 1804 வாக்கில் ராக்கெட் ஆராய்ச்சியில் இறங்கியது, மைசூரிலிருந்து எடுத்துப்போன இந்தக் குழாய்களைப் பார்த்துத்தான். அப்துல் கலாம் 1963-இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் நாசா அலுவலகச் சுவரில் திப்புவின் ராக்கெட் படையை ஓவியமாகப் பார்த்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதே மருந்து இரு பக்கத்தையும் எரித்தது. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை நடுவில் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தக் காட்சி இருக்கிறது. பல்லக்கில் விரல் கடித்து உட்கார்ந்திருக்கும் பெய்லியை வழிகாட்டிகள் தவறாமல் காட்டுவார்கள். வெடித்த வண்டியை நாம்தான் தேட வேண்டும். பத்தொன்பது வருஷம் கழித்து, 1799 மே 2 அன்று, ஆங்கிலேயரின் குண்டு ஒன்று கோட்டைக்குள் இருந்த ராக்கெட் கிடங்கைத் தாக்கியது. இரண்டு நாளில் கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார்.

எஞ்சியிருக்கும் மருந்துக் கிடங்குகளில் ஒன்று, பெங்களூர்-மைசூர் ரயில் பாதையை இரட்டிப்பாக்கக் குறுக்கே நின்றது. 2017-இல் அதை இடிக்காமல் அப்படியே பெயர்த்து, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். தடித்த செங்கல் சுவர், பாதி தரைக்குள் புதைந்த கட்டடம். உள்ளே இருப்பது வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக் கட்டியது.

ஐரோப்பாவில் இந்த யோசனை சட்டமானது. பர்மிங்ஹாமில் 1813-இல் துப்பாக்கிச் சோதனை நிலையம் தொடங்கினார்கள். விற்பதற்கு முன் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு, ஆள் கையில் பிடிக்காமல், ஒரு முறை சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். ஆக, துப்பாக்கி தாங்குவது கையேட்டின் உச்ச அளவைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அந்தக் 'கொஞ்சம்' சுடுகிறவனுக்கு உரியதல்ல; உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கும், வெயில் நாளுக்கும், தராசின் சிறு பிழைக்கும் ஒதுக்கியது. அதை எடுத்துச் செலவழிக்கிறவன் அடுத்தவர் சேமிப்பில் கைவைக்கிறான் என்றார் சுபேதார் சார். பென்ஷன் வாங்குகிறவர் அல்லவா.

சரி, முழு அளவு என்பதற்கு என்ன எழுதுவது? ஒரு வாரம் இதே பேச்சு. 'அதிகபட்சம்' என்றேன். அது விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறது, பேரம் பேசத் தோன்றும் என்றார். 'உச்சவரம்பு' என்றேன் பெருமையாக. நில உச்சவரம்புச் சட்டத்தால் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

"அதைத் தாண்டித்தானே தம்பி எல்லாரும் வெச்சிருந்தாங்க!"

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. கடைசியில் அந்தப் பத்திக்குத் 'தாண்டாதே' என்று தலைப்பு வைத்தோம். 'கி.' எல்லாவற்றையும் 'கிரெய்ன்' என்று முழுதாக விரித்தேன். எண்களை நானும் சுபேதார் சாரும் மாறி மாறி உரக்கப் படித்து மூன்று முறை ஒப்பிட்டோம். புள்ளி வருமிடத்தில் 'புள்ளி' என்று சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. கூடவே, கருமருந்தையும் புகையில்லா மருந்தையும் ஒரே குழாயால் அளக்கக் கூடாது என்று கட்டம் கட்டி ஒரு வரி சேர்த்தேன். மூலத்தில் அது கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். மொழிபெயர்ப்பாளன் இடம் மாற்றக் கூடாது என்பார்கள், தெரியும்.

போன வாரம் சென்னையிலிருந்து பக்கம் கட்டுகிற பையன் போன் செய்தான். "சார், அட்டவணையில 'தாண்டாதே'ன்னு இருக்கு. ரோட்டு போர்டு மாதிரி இருக்கே, மாத்திடலாமா?" வெளியே அரண்மனைப் பக்கம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பதினேழோ பதினெட்டோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.